தோட்டத்துக் கல்வி தொண்டில் நிற்கலாமா?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, கொஸ்லாந்தைக்கு அணித்தான மீரியபெத்தத் தோட்டத்தின் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின்மீது விழுந்தது. மழையையும் பாராது அன்று பாடசாலைக்குப் புறப்பட்டுப்போன பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களிற் சிலருக்கு வீடு இருக்கவில்லை, பெற்றோரும் இருக்கவில்லை. லயம் நின்ற இடத்திலே சேறு கிடந்தது. புதையுண்டோர் எத்தனை பேர் என்பதைக்கூடப் பல நாட்களாக எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. சிலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவே இல்லை.

அந்த நாளை எண்ணும்போதெல்லாம் ஓர் உண்மை நம் நெஞ்சிலே தைக்கிறது. அன்று அப்பிள்ளைகளைக் காத்தது பாடசாலை. கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு எழுத்து எதற்கு என்று ஒரு நூற்றாண்டுக் காலம் கேட்டுக்கொண்டிருந்த நாட்டிலே, அந்தப் பாடசாலைதான் அன்று ஒரு தலைமுறையை உயிரோடு திருப்பித் தந்தது.

அதன்பின் நடந்தவற்றையும் நாம் மறக்கவில்லை. இனமும் மதமும் பாராது நாட்டு மக்கள் உணவும் உடையும் அனுப்பினர். கொப்பிகளும் பைகளும் சப்பாத்துகளும் வந்து குவிந்தன. தொண்டர்கள் வந்தனர், பிள்ளைகளின் கண்ணீரைத் துடைத்தனர், பின்னர் போயினர். பிழைத்த குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றின் உள்ளே தட்டி மறைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழித்தன. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இத்தனைக்கும், அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற நிலம் இருக்கவில்லை. தன் பெயரிலே ஒரு பேர்ச் காணியும் இல்லாத தொழிலாளியை எழுந்து போ என்றால், அவன் எங்கே போவான்?

கொப்பியோடும் பையோடும் வந்த நல்ல உள்ளங்களில் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்டனர்? கேட்கவில்லை என்று அவர்களை நாம் குற்றஞ் சாட்டவில்லை. துயர் கண்டு இரங்குவது மனித இயல்பு. அதை இகழ்பவன் மனிதனல்லன். ஆயினும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். விபத்து நேர்ந்த நாளில் இரக்கம் வேண்டும், சரி. விபத்து எதுவும் இல்லாத சாதாரண நாளிலும், ஒரு மக்கட் கூட்டத்தின் கல்வி பிறருடைய இரக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பது நீதியா?

ஊவா மாகாணத்தின் தோட்டங்களை இன்று உலகம் அறியும். அப்புத்தளையிலே 1890இல் தோட்டங்களை வாங்கிய லிப்டன் துரை அமர்ந்து தன் உடைமையைப் பார்த்து மகிழ்ந்த மலைமுகட்டைக் காணப் பயணிகள் வருகின்றனர். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்திலே நின்று படம் எடுக்கின்றனர். தியலும நீர்வீழ்ச்சியில் நீராடுகின்றனர். இவர்களோடு இன்னொரு வகையினரும் வருகின்றனர். ஐரோப்பாவிலிருந்து இளைஞர்கள் பணங்கட்டிக் கென்யாவுக்கும் கானாவுக்கும் போய், பண்ணையிலே தங்கி, கிராமத்துப் பள்ளியிலே சில வாரம் ஆங்கிலம் கற்பித்துத் திரும்புகிறார்களல்லவா? அதே ஏற்பாடுதான் மலைநாட்டிலும் நடைபெறுகிறது. பண்ணைக்குப் பதிலாகத் தோட்டம், அவ்வளவே வேறுபாடு.

ஊவாத் தோட்டப் பாடசாலையொன்றை நாம் அறிவோம். அதன் சுவரிலே யானையும் மயிலும் ஆங்கில எழுத்துகளும் அழகாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிய குழுவொன்று வந்து, பழைய யானையின்மேல் புதிய யானையை வரைந்துவிட்டுப் போயிற்று. சுவர் மூன்று முறை வர்ணம் கண்டது. அந்த மூன்று முறைக்குள்ளே அப்பாடசாலையின் மேல்வகுப்புகள் ஒரு கணித ஆசிரியரைக் காணவில்லை. வந்த இளைஞர்கள் கெட்டவர்களல்லர். பிள்ளைகளிடம் அன்பாகவே இருந்தனர். ஆனால் அவர்கள் நெஞ்சு நிறைந்து திரும்பினர். பிள்ளைகள் வகுப்பிலே ஆசிரியரில்லாமல் இருந்தனர். உதவி பெற்றவர் யார், உதவி செய்தவர் யார் என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இந்த ஐயம் நமக்கு மட்டும் எழுந்ததன்று. அமெரிக்க அரசு 1961இல் சமாதானப் படையைத் தொடங்கி, முதலில் கானாவுக்கும் தங்கனிக்காவுக்கும் தொண்டர்களை அனுப்பிற்று. ஏழாண்டுகளின் பின் 1968இலே, மெக்சிக்கோ நாட்டுக் குவெர்னவாக்காவில் கூடிய அமெரிக்கத் தொண்டர்களின் முன்னிலையிலேயே இவான் இலிச் என்ற பாதிரியார் எழுந்து, உங்கள் நல்லெண்ணத்தோடு வீடு திரும்புங்கள் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். ஏழையின் வாழ்வைப் பார்த்துப் போக வருவது வேறு, அவன்மீது சுமையாக வந்து அதைச் சேவை என்று அழைப்பது வேறு என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

ஆனால் வெளிநாட்டு இளைஞரைச் சாடி முடித்துவிட்டால் நாம் பாதி உண்மையோடு நின்றவராவோம். நம்முடைய கேள்வி அதனினும் ஆழமானது. தோட்டத்துப் பாடசாலையிலே எவனும் எந்த நாளும் வந்து கற்பித்துவிட்டுப் போகலாம் என்ற நிலை எப்படி உண்டாயிற்று? அதற்குரிய விடை வரலாற்றிலே இருக்கிறது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலே கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரையிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அப்பொறுப்பை வற்புறுத்திற்று. பொறுப்பு துரைக்கு, நிலமும் கட்டடமும் துரைக்கு, பிள்ளை வளர்ந்ததும் அதன் உழைப்பும் துரைக்கு. பிள்ளை படித்துவிட்டால் பிரட்டுக்களத்துக்கு வரமாட்டாது என்பதை அறிந்தவன் கையிலே பள்ளிக்கூடத்தின் சாவியைக் கொடுத்தார்கள். விளைவு யாது? ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. அந்த ஆசிரியரும் பல தோட்டங்களிலே பாதி நேரம் கணக்கெழுதும் பணி பார்த்தார்.

1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. அதன் ஒளி தோட்டத்து எல்லையிலே நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கும் என்று 1947இல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் ஏட்டிலே கிடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவனுடைய பிள்ளையின் கரும்பலகையைப் பற்றி எந்த அமைச்சர் கவலைப்படுவார்? 1960இலும் 1961இலும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற வேளையிலும் தோட்டப் பாடசாலைகள் விலக்கி வைக்கப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வரத் தொடங்கின. ஏனைய பிள்ளைகள் பெற்றதற்கு முப்பது ஆண்டு பிந்தி இவர்கள் பெற்றனர். பெற்றபோதும் முழுமையாகப் பெறவில்லை. சுவீடன் உதவியிலே கட்டடம் எழுந்தது; ஜெர்மன் உதவியோடு பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இவை பெரும் பயன் விளைத்தன. நன்றி மறப்பது நமது வழக்கமன்று. எனினும், தேயிலை ஏற்றுமதியால் இந்நாடு ஈட்டிய அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவன் பிள்ளைக்குப் பள்ளி கட்ட, அந்நியனிடம் கையேந்த வேண்டியிருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

இக்கதை நம் மலைகளுக்கு மட்டும் உரியதன்று. தென்னாபிரிக்காவிலே 1953இன் பண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ், வெள்ளைப் பண்ணைக்காரர் தம் நிலத்திலே, அரசின் மானியத்தோடு, கறுப்புத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். பண்ணைக்காரரே பள்ளியின் நிருவாகி. அறுவடைக் காலத்திலே வகுப்பைக் கலைத்துப் பிள்ளைகளை வயலுக்கு இறக்கவும், வேண்டாதபோது பள்ளியை மூடவும் அவருக்கு இயன்றது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், தனியார் நிலத்திலே அரசுப் பாடசாலை இயங்குவதாயின் நில உடைமையாளனோடு முறையான உடன்படிக்கை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் பாடசாலைச் சட்டம் விதிக்க வேண்டியதாயிற்று. நிலம் யாருடையதோ பள்ளியும் அவனுடையதே என்ற நியதி, கடல் கடந்தும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். தொண்டராசிரியர் என்ற சொல்லை இந்நாட்டு ஆசிரியர்கள் நன்கறிவர். தோட்டத்துப் பெண்ணொருத்தி உயர்தரம் தேறுகிறாள். வேலையில்லை. பாடசாலையிலே நான்காம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. அதிபர் அழைக்கிறார், அவள் போகிறாள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகை அவளுடைய பேருந்துக்குப் போதும், போதாது. ஓராண்டு என்று தொடங்கியது ஐந்தாண்டாகிறது. நேர்முகத் தேர்வு என்கிறார்கள், பட்டியல் என்கிறார்கள், பட்டியலிலே அரசியல்வாதியின் ஆட்கள் ஏறிக்கொண்டனர் என்கிறார்கள். அவள் கற்பித்த பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய்விட்டனர். அவள் மட்டும் அதே வகுப்பில், அதே பெயரில், தொண்டராகவே நிற்கிறாள். வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் இத்தகையோர் நியமனங் கேட்டு வீதியில் இறங்கியதை நாம் கண்டிருக்கிறோம். இவர்களுடைய சேவையைத் தொண்டு என்று அழைப்பது சரியா? உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியைத் தராதிருப்பதற்குத் தோட்டத்துத் தொழிலாளியின் மொழியிலே வேறு பெயர் உண்டு.

ஊதியம் தந்தபோதுதான் என்ன தந்தார்கள்? தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கென மூவாயிரம் அளவிலான ஆசிரிய உதவியாளரை நியமிக்க 2014இல் விண்ணப்பம் கோரப்பட்டது. அவர்களுக்குத் தரப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து, 620 ரூபா. கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாய் மலையிலே பத்து நாள் கொழுந்து பறித்தால் 6,200 ரூபா. மகள் வகுப்பறையிலே ஒரு மாதம் நின்றால் 6,000 ரூபா. அட்டை கடித்த காலோடு மலையேறி, நகையை அடகு வைத்து, என் மகள் கூடை சுமக்கக் கூடாது என்று படிக்கவைத்தாளே ஒரு தாய், அவளுக்கு இந்த அரசு தந்த விடை இது. போராட்டங்களின் பின்னர் அத்தொகை 10,000 ரூபாவாக உயர்ந்தது. அதுவும் ஓர் ஆசிரியரின் சம்பளமன்று. எழுத்து கற்பிப்பவனுக்குக் கொழுந்து பறிப்பவளைவிடக் குறைவாகக் கொடுக்கத் துணிந்தார்களென்றால், அங்கே கற்கும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்தே துணிந்தார்கள்.

இவ்விடத்திலே நண்பர்கள் சிலர் குறுக்கிட்டுக் கேட்பர்: தொண்டரும் வராவிட்டால் அந்த வகுப்பு வெறுமையாகத்தானே கிடக்கும்? ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேலல்லவா?

இது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை கூறுவோம். ஆசிரியரற்ற வகுப்பைக் கண்டுவிட்டு, கொள்கை பேசிக்கொண்டு வெளியே நிற்க நம்மால் இயலாது. பிள்ளையின் பருவம் புரட்சிக்காகக் காத்திராது. ஆகவே போய்க் கற்பிப்போம். லயத்து இஸ்தோப்பிலே விளக்கேற்றி இராப் பாடசாலை நடத்திய வாலிபர்கள் இம்மலைகளிலே இருந்திருக்கிறார்கள்; அவர்களிடம் எழுதக் கற்றவன்தான் பின்னர் சங்கத்திலே பெயர் பதிந்தான், மனு எழுதினான், கணக்குத் தவறென்று கணக்கப்பிள்ளையிடம் காட்டினான். அவர்களுடைய தொண்டு மக்களை எழுப்பிற்று. அதற்கு நாம் தலை வணங்குகிறோம். நாம் எதிர்ப்பது, வெற்றிடத்தை நிரப்பி நிரப்பியே வெற்றிடம் இருப்பதை மறைத்துவிடும் தொண்டினை. தொண்டர் நிற்கும் வகுப்பை அதிகாரி ஆசிரியருள்ள வகுப்பாக எண்ணிக்கொள்கிறார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு எவரும் வருவதில்லை. நல்லவர்களின் உழைப்பே அநீதிக்கு முட்டுக்கொடுக்கும் தூணாகிவிடுகிறது.

இன்னும் சிலர் தற்சார்புக் கல்வி என்பார்கள். தங்கனிக்காவின் தலைவராயிருந்த ஜூலியஸ் நியரேரே, தாமும் ஓர் ஆசிரியர். தன்சானியாவின் பாடசாலை ஒவ்வொன்றும் தனக்கெனப் பண்ணை வைத்து, மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து உழைத்து வாழவேண்டும் என்று 1967இல் அவர் திட்டம் வகுத்தார். அத்திட்டத்திலே குறைகள் இருந்தன. அது எதிர்பார்த்த பலனை முழுதும் தரவுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நிலம் முதலிலே நாட்டின் பொதுவுடைமையாக்கப்பட்டது; அதன் பின்னரே பிள்ளையின் கையிலே மண்வெட்டி கொடுக்கப்பட்டது. இங்கே வாயிற்படி மண்ணும் தனக்குச் சொந்தமில்லாத பிள்ளையிடம் தற்சார்பு பேசுவது பரிகாசம்.

பதுளையிலே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005இல் எழுந்தது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கெனவே ஒரு பட்டப்படிப்பு அங்கே உண்டு. நான்கு தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளையைவிட அதற்கு உரியவர் யார்? ஆனால் அந்த வாயிலைத் திறக்க விஞ்ஞானப் பிரிவிலே உயர்தரம் தேற வேண்டும். ஊவாவின் பெரும்பாலான தோட்டத்துப் பாடசாலைகளிலே உயர்தரம் வரை வகுப்பே இல்லை. உள்ளவற்றிலும் பெரும்பாலும் கலைப்பிரிவுதான். இரண்டு வாரத் தொண்டர் ஆங்கிலப் பாட்டுக் கற்பிக்கலாம். பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க இரண்டாண்டு வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், பயின்ற ஆசிரியர் வேண்டும். தொண்டினால் எட்ட முடியாத எல்லை இதுவே. பிள்ளையைச் சிரிக்கவைக்க அது போதும். மலையிலிருந்து இறக்கிவிட அது போதாது.

ஆகவே நாம் கேட்பவை வருமாறு. தோட்டத்துப் பாடசாலை ஒவ்வொன்றும், தனக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, உள்ளவர் எத்தனை, எந்தப் பாடத்துக்கு எத்தனை நாளாக ஆளில்லை என்பதை வாயிலிலே பெற்றோர் காண எழுதி வைக்கவேண்டும். தொண்டராக ஓராண்டு கற்பித்தவரை முறையாகத் தேர்ந்து, பயிற்சியும் முழுச் சம்பளமும் தரவேண்டும். கல்வி வலயம் ஒவ்வொன்றிலும் விடுதியோடு கூடிய ஒரு தமிழ்ப் பாடசாலையிலாவது விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை நடைபெறவேண்டும். பாடசாலை நிற்கும் நிலம் பாடசாலைக்கும், குடியிருக்கும் நிலம் குடும்பத்துக்கும் எழுதப்படவேண்டும். சரிவு பரிசோதிக்கப்பட்டு, பாதுகாப்பான இடத்திலே அவை அமையவேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பாடசாலையோடு சேர்த்தது ஏன் என்று வியக்கவேண்டாம். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலே மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, பதுளை மாவட்டம் பேரழிவு கண்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. ஒவ்வொரு முறையும் பாடசாலையே அகதி முகாமாகிறது. ஒவ்வொரு முறையும் கொப்பியும் பையும் வருகின்றன. காணி உறுதி மட்டும் வருவதில்லை.

வெளியிலிருந்து வர விரும்பும் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. வாருங்கள். ஆனால் ஒரு பாடசாலை ஆண்டு தங்கும் எண்ணத்தோடு வாருங்கள். தமிழ் கற்றுக்கொள்ளுங்கள். அதிபர் சொல்லும் வேலையைச் செய்யுங்கள். தோட்டத்துப் பெண்ணின் இடத்திலே நீங்கள் நில்லாமல், அவள் தேர்ச்சிபெற உதவுங்கள். ஊர் திரும்பியதும், பிள்ளைகளோடு எடுத்த படத்தைக் காட்டுவதைவிட, உங்கள் கடையிலே ஒரு பொதி தேயிலை என்ன விலைக்கு விற்கிறது, அதிலே பறித்தவளுக்கு என்ன போகிறது என்று கேளுங்கள். அது நீங்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய தொண்டு.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! விடுமுறையிலே மலைநாட்டுக்குச் சென்று கற்பிக்க உங்களிற் பலர் ஆயத்தமாக இருப்பதை அறிவோம். செல்லுங்கள். ஒரு கையிலே பாடப்புத்தகம் இருக்கட்டும். மறு கையிலே அப்பாடசாலையின் வெற்றிடப் பட்டியல் இருக்கட்டும். மாலையிலே பெற்றோரைக் கூட்டி அதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களோடு சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்தின் படியேறுங்கள். நீங்கள் திரும்பிவந்த பின்னும் அவர்கள் தாமாகவே அப்படியேறுவார்களாயின், உங்கள் பணி நிறைவேறிற்று.

மீரியபெத்தவிலே அன்று பத்து வயதில் பாடசாலைக்குப் போய் உயிர் தப்பிய பிள்ளை இன்று இருபதைக் கடந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது? கொழும்பிலே கடையொன்றில் நிற்கிறதா, ஆடைத் தொழிற்சாலையிலே தைக்கிறதா, அல்லது ஏதோ ஒரு தோட்டத்துப் பாடசாலையிலே சம்பளமில்லாமல் நான்காம் வகுப்புக்கு முன்னால் நிற்கிறதா? அந்தக் காலையிலே பாடசாலை அதற்கு உயிரைத் தந்தது. வாழ்வைத் தரவேண்டிய கடன் இன்னும் நிலுவையிலே இருக்கிறது. கடனைக் கடனாகவே கேட்போம்; தானமாகக் கேட்கவேண்டாம்.